சோழமண்டலப் பேரில் ஒரு சீனத் திரை

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க மேடையில் ஓர் அன்பர் பேசினார். "சீனத்து அரக்குத் திரைக்கு வெள்ளைக்காரன் 'கோரமண்டல்'னுதான் பேர் வச்சிருக்கான். கோரமண்டல்னா நம்ம சோழமண்டலம். அப்போ அது தமிழன் கைவேலைதானே!" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. அடியேனும் தட்டினேன். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டிய பிறகு, தட்டியது தப்பு என்று பட்டது.

பேர் நம்முடையது, சரக்கு நம்முடையது அல்ல. காங்ஷி பேரரசர் காலத்தில் (1661–1722) சீனாவில் பெருவாரியாகச் செய்யப்பட்ட மடக்குத் திரைகள் இவை. கம்பெனிக் கப்பல்கள் நம் கரைத் துறைமுகங்கள் வழியாக ஏற்றிப் போனதால் பேர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் இங்கிலாந்தில் இதையே 'பாண்டாம் வேலை' என்றார்கள். பாண்டாம் என்பது ஜாவாத் துறைமுகம். வியாபாரிக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நாம் தினமும் போய்வரும் அபர்டீன் பஜாரின் பேர் ஸ்காட்லாந்து நகரத்தின் பேர். அங்கே விற்கிற சேலையை ஸ்காட்லாந்துக்காரன் நெய்தான் என்போமா?

வேலைப்பாட்டைப் பார்ப்போம். பெரும்பாலும் 12 பலகைகள், ஆளை மிஞ்சிய உயரம். பலகைமேல் செங்கல் தூளைப் பன்றி ரத்தத்தோடு குழைத்துப் பூசுகிறார்கள். அதன்மேல் அரக்கு, மெல்லிய பூச்சாகப் பலமுறை. நம் அரக்கு பூச்சி தருவது. சீனத்து அரக்கு மரத்தின் பால். பிறகு கருப்பு மேல்தோலை வெட்டி, உள்ளே தெரியும் வெள்ளைப் பள்ளத்தில் வண்ணம் நிரப்புகிறார்கள். அந்த ரத்தம் சமணனான எனக்கு உறுத்துகிறது. பட்டு நூலால் பூத்தைத்த திரை என்றாலும் புழுவின் உயிர் போனதுதான். ஆனால் உறுத்துகிறது என்பதற்காக அழகில்லை என்று எழுதினால் அது பொய்.

சித்திரங்களைச் சீன மொழியின் காதால் கேட்க வேண்டும். எல்லாம் சிலேடை! வௌவாலும் பாக்கியமும் ஒரே ஒலி, 'ஃபு'. ஐந்து வௌவால் பறந்தால் ஐந்து பாக்கியம். பூச்சாடி 'பிங்', அமைதியும் 'பிங்'. மானைக் கண்டால் எங்களுக்குச் சாந்திநாதரின் இலாஞ்சனை நினைவு வரும். சீனருக்கோ 'லு', அதாவது உத்தியோகச் சம்பளம்! நம் வீட்டில் வௌவால் நுழைந்தால் துடைப்பத்தைத்தானே எடுப்போம்?

ஒருபக்கம் பெரும்பாலும் அரண்மனைக் காட்சி. குவோ ஸியி என்ற தளபதியின் பிறந்தநாள் விழா மிகப் பிரசித்தம். படங்களில் பார்த்தவரை அந்தக் கூட்டம் எனக்கு நெரிசலாகவே படுகிறது. மறுபக்கம் பூவும் பறவையும் வருகிற திரைகளில்தான் கருப்பு வெளி மூச்சு விடுகிறது.

பேரை மட்டும் வாங்கினவன் இதையெல்லாம் படிக்கவில்லை. லண்டன் தச்சர்கள் பலகைகளை அறுத்து அலமாரிக் கதவாக்கினார்கள். மனிதரும் மரமும் தலைகீழாக நிற்கிற கூத்தை 1688-லேயே ஸ்டாக்கரும் பார்க்கரும் தங்கள் அரக்குத் தொழில் நூலில் கேலி செய்திருக்கிறார்கள்.

சோழமண்டலக் கரையின் சொந்தக் கைவேலை வேறு இருக்கிறது. பருத்தித் துணியில் வண்ணம் தீட்டிய 'பலம்போர்' விரிப்புகள். அவற்றின் பூமரம் பலவற்றில் சீனப் பாணிப் பாறையின்மேல்தான் நிற்கிறது. நம் சித்திரக்காரர் அயல் உருவை வாங்கித் தம் கையால் மாற்றியிருக்கிறார். அதற்கு ஐரோப்பாவில் கிடைத்த பேர் 'சின்ட்ஸ்'. அதில் சோழமண்டலம் இல்லை. அடுத்த பொங்கலுக்கு அந்த அன்பரிடம் ஒரு பலம்போர் படத்தைக் காட்டலாம் என்றிருக்கிறேன்.