யாருமற்ற நிலம்: ‘நிலவளம்’ நாவலை மாம்பலத்திலிருந்து வாசித்தல்

க.நா.சு. தமிழாக்கிய நட் ஹாம்சனின் ‘நிலவளம்’ (மூலம் 1917, நோபல் 1920) சிறுபத்திரிகை வாசகர்களின் செல்ல நாவல். மண், உழைப்பு, மனிதன் என்று மூன்று சொல்லில் அதைப் பாராட்டி முடித்துவிடுவோம். இன்றைய சூழலியல் விமர்சனமும் அதைப் பசுமைப் பிரதி என்று சுலபமாகச் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு இடறுவது அங்கேதான்.

ஐஸக் காட்டுக்குள் நடந்து வருகிறான். அந்த நிலத்தைப் பொதுநிலம் என்று சொல்லும் பிரதி, அடுத்த மூச்சிலேயே அதை உடைமையாளர் அற்றது, யாருமற்றது என்றும் சொல்லிவிடுகிறது. பொது என்பது எப்போது யாருமற்றது ஆயிற்று? முழு நாவலும் இந்த நழுவலின் மேல்தான் நிற்கிறது. தனக்கு ஒரு பெண்துணை வேண்டும் என்று ஐஸக் சொல்லியனுப்புவது வழியில் போகும் ஒரு ‘லாப்பு’விடம், அதாவது வடக்கின் பழங்குடியான சாமி இனத்தானிடம். அப்புறம்தான் இங்கர் வருகிறாள். ஆளே இல்லாத நிலத்துல தபால்காரன் மட்டும் எங்கிருந்து வந்தான்? பிறகு அவர்கள் இரவலர்களாக, பதுங்கித் திரிபவர்களாக, தீக்குறியாகவே வருகிறார்கள். கர்ப்பிணியான இங்கருக்கு முயலைக் காட்டிவிட்டுப் போவது ஒரு லாப்பு. குழந்தை பிளந்த உதட்டோடு பிறக்க, தாயே அதைக் கொல்கிறாள். ஐஸக்குக்கோ அரசாங்கம் நிலத்தை எழுதிக் கொடுக்கிறது.

ஹாம்சன் 1943இல் தன் நோபல் பதக்கத்தைக் கோயபல்ஸுக்கு அனுப்பியது தனிக்கதை என்பார்கள். எனக்கு அவ்வளவு தனியாகத் தெரியவில்லை. அந்த லாப்புகளின் வழிவந்தவர்கள் 1979இல் ஆல்ட்டா ஆற்று அணைத் திட்டத்தை எதிர்த்து ஓஸ்லோ நாடாளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அணை வந்துவிட்டது.

இதை நார்வேயோடு விட்டுவிட முடியாது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி கிடையாது. வெள்ளைக்காரர்கள் ‘லாங் டேங்க்’ என்றழைத்த ஏரியை 1920களில் வடித்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. வான்சிறப்பை இரண்டாம் அதிகாரமாக வைத்த ஆளுக்கு! வருவாய்த்துறை மொழியில் ஏரி என்பது புறம்போக்கு, வரி விதிக்கப்படாத பொது நிலம். நம்ம ஊர்ல அது வசவு. ஹாம்சனின் முதல் பக்கத்தில் நடந்த நழுவல் இங்கே தெருப் பேச்சிலேயே நடந்து முடிந்திருக்கிறது.

நமக்குத்தான் திணை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கருப்பொருளில் மரமும் புள்ளும் மட்டுமல்ல, பறையும் செய்தியும் உண்டு. ஆளில்லாத நெய்தல் கிடையாது. ஆனால் திணையைப் பூப்பட்டியலாக, இழந்த சொர்க்கமாக எழுதுகிறபோது நாம் கடன் வாங்குவது ஐஸக்கின் கண்ணை. அடையாறு முகத்துவாரம் பற்றிய எழுத்தில் உள்ளான் வருகிற அளவுக்கு ஊரூர் குப்பத்து வலை வருகிறதா?

திணையும் ஒன்றும் அப்பாவி இல்லை. தொல்காப்பியம் அடியோருக்கும் வினைவலருக்கும் காதலை அனுமதிப்பது ஐந்திணைக்குப் புறத்தே. கைக்கிளை, பெருந்திணை என்று உரைகாரர்கள் அதற்கு விளக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் ‘புறம்’ என்ற சொல்லிலிருந்து நம் சூழலியல் வாசிப்பு இன்னும் தொடங்கவில்லை.