தோற்றத்தைக் காக்கும் சட்டம்

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் கவுண்டியில் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுக் கட்டடங்களின் பட்டியலை அதிகாரத்தின் பிரதியாகவே வாசிக்கிறேன். பழைய நகர்ப்பகுதி ஒன்றின் தோற்றத்தைக் காக்க அமெரிக்காவிலேயே முதலில் சட்டம் போட்டது சார்ல்ஸ்டன் நகரம், 1931இல். தோற்றத்தைப் பற்றிய கவலை அந்த ஊருக்குப் புதுசு இல்லை. 1856இல் அடிமைகளைத் தெருவில் ஏலம் விடக்கூடாதென்று தடை போட்டது. விற்பனை நிற்கவில்லை, சுவருக்குள்ளே போச்சு. 1859இல் எழுந்த அடிமைச் சந்தைக் கட்டடம் அதன் விளைவு. இன்று அது அருங்காட்சியகம். தேசியப் பதிவேட்டிலும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் பதிவேட்டில் கட்டடக்கலை ஒரு தலைப்பு, கறுப்பர் மரபு வேறு தலைப்பு. இந்தப் பிரிப்போடுதான் எனக்குச் சண்டை. மாளிகைகளுக்குச் செங்கல் அறுத்ததும் அடிமைகள்தானே? பழைய செங்கற்களில் அவர்கள் விரல்தடம் இன்னும் தெரிகிறது. மாளிகையைக் கலையாகவும் சந்தையை மட்டும் அடிமைகளின் வரலாறாகவும் காட்டினால், 1856இன் தடை இன்னும் அமலில் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.