கண்டதைக் கூறுவதா உரை?

மூலம் நடுவே நிற்க, அதைச் சூழ்ந்து ஷரஹும், ஓரத்தில் ஹாஷியாவுமாக அச்சிடப்பட்ட ஏடுகளை அரபு பயின்றோர் அறிவர். தமிழிலோ காண்டிகையுரை, விருத்தியுரை என உரையை வகுத்தே வைத்தனர் நம் முன்னோர். திரைப்படத்திற்கும் உரை உண்டு என்பது நம்மில் பலர் கவனியாத செய்தி. டி.வி.டி. தட்டுகள் பலவற்றில், படத்தின் வழக்கமான ஒலியை விடுத்து வேறோர் ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுத்தால், படம் ஓடும்போதே அதன் இயக்குநர் தம் குரலில் விளக்கம் கூறிக்கொண்டு வருவார். 1984 இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம், 1933 ஆம் ஆண்டுப் படமாகிய 'கிங் காங்'கை லேசர் தட்டில் வெளியிட்டபோது, திரைப்பட வரலாற்றறிஞர் ரொனால்ட் ஹேவர் பேசிய உரையே இவ்வகையில் முதலாவது. 1990களின் இறுதியில் டி.வி.டி. பரவவே, இயக்குநர் உரை ஒரு வழக்கமாகிவிட்டது.

இவ்வுரைகளுள் சண்டைப் படங்களுக்கு அமைந்தவை தனியே ஆராயத்தக்கவை. சண்டைப் படத்தில் கண்ணுக்குத் தெரிவது மிகுதி; தெரியாதது அதனினும் மிகுதி. குண்டு வெடிக்கிறது; கண்ணாடி சிதறுகிறது; ஒருவன் மாடியிலிருந்து விழுகிறான். இவை யாவரும் காண்பவை. விழுந்தவர் யார், எத்தனை முறை விழுந்தார், அவ்விடத்தில் அக்காட்சி எதற்கு என்பவையோ, செய்தவர் வாய் திறந்தாலன்றித் தெரியா. ஆகவே நமக்கு ஓர் அளவுகோல் போதும்: கண்டதைத் திரும்பக் கூறுவது வீணுரை, காணாததைக் காட்டுவதே நல்லுரை.

வீணுரையும் நல்லுரையும் ஒரே தட்டில் கிடைக்கும் விந்தையை முதலில் பார்ப்போம். பால் வெர்ஹோவன் இயக்கி 1990 இல் வெளிவந்த 'டோட்டல் ரீகால்' படத்திற்கு, அவரும் கதாநாயகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கரும் சேர்ந்து உரை பேசியுள்ளனர். அர்னால்ட் செய்வது பெரும்பாலும் ஒன்றே: திரையில் நடப்பதை அப்படியே வாயால் சொல்லிக்கொண்டு போவது. இது பதவுரைகூட ஆகாது. மூலத்தையே மறுமுறை வாசிப்பதாகும். இதைக் கேட்டு நகைத்து மகிழ்வோர் உளர். அந்நகைப்பு உரையால் விளைந்ததன்று. உரை இன்மையால் விளைந்தது.

அதே தடத்தில் வெர்ஹோவன் பேசும் இடங்களோ வேறு தரத்தவை. பொய் நினைவுகளை விலைக்கு விற்கும் கடையொன்றில், கட்டடத் தொழிலாளி ஒருவன் நாற்காலியில் அமர்கிறான். பின்னர் செவ்வாய்க் கோளில் அவன் புரியும் வீரமெல்லாம் மெய்யா, அந்நாற்காலியில் கண்ட கனவா? அக்கடைப் பணியாளர் செவ்வாயின் நீல வானத்தைப் பற்றி முன்னரே பேசிவிடுகிறார். படத்தின் முடிவில் அந்த நீல வானமே தோன்றுகிறது. இறுதியில் திரை கருமையில் மறையாமல் வெண்மையில் கரைகிறது. அவன் கனவினின்று மீளவே இல்லை என்று கொள்ளவும் இடம் உண்டு. இக்குறிப்புகளை இயக்குநர் எடுத்துக் காட்டியபின், அடிதடி என்று நாம் ஒதுக்கிய படம் ஒரு புதிராக நம்முன் நிற்கிறது.

1988 ஆம் ஆண்டின் 'டை ஹார்ட்' படத்திற்கு இயக்குநர் ஜான் மக்டீர்னனும், அரங்க வடிவமைப்பாளர் ஜாக்சன் டிகோவியாவும் உரை கூறுகின்றனர். மக்டீர்னனின் பேச்சு நிதானமானது. இடையிடையே மௌனமும் உண்டு. ஆயினும் பேசும்போது காரணத்தைப் பேசுகிறார். மூலமான 1979 ஆம் ஆண்டு நாவலில் கட்டடத்தைக் கைப்பற்றுவோர் அரசியல் பயங்கரவாதிகள். படத்தில் அவர்கள் அந்த வேடம் பூண்ட கொள்ளையர். பயங்கரவாதத்தைக் கேளிக்கையாக்க விருப்பமில்லை. ஆகவேதான் இந்த மாற்றம். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் வரும் மகிழ்ச்சிப் பண் கொள்ளையரோடு சேர்ந்து ஒலிப்பதற்கும் இதுவே அடிப்படை. படம் எடுக்கப்பட்ட இடமோ லாஸ் ஏஞ்சல்ஸில் அப்போது முழுதும் கட்டி முடிக்கப்படாத ஃபாக்ஸ் பிளாசா என்னும் மாளிகை. முடியாத தளங்கள் முடியாத தளங்களாகவே கதையில் பயன்பட்டன. கதை கட்டடத்தைத் தேடிச் சென்றதும், கட்டடம் கதையை வளைத்ததும் உரை கேட்டபின்பே விளங்குகின்றன.

எல்லாவற்றினும் பயன் மிக்கது, ராபர்ட் ரோட்ரிக்ஸ் 1992 இல் தந்த 'எல் மரியாச்சி' படத்துக்கான உரை என்பது நம் கருத்து. படப்பிடிப்புச் செலவு ஏறத்தாழ 7,000 டாலர். அதில் ஒரு பகுதி, மருந்துச் சோதனைக்குத் தம் உடலையே ஒப்படைத்து அவர் ஈட்டிய பணம். கேமராவை நகர்த்தத் தண்டவாளம் இல்லை. சக்கர நாற்காலி உதவியது. காட்சியோடு ஒலியைப் பதிய வசதி இல்லை. நடிகர்களைப் பிறகு பேசச் சொல்லி டேப் ரிக்கார்டரில் பதிந்தார். உதட்டசைவும் குரலும் பொருந்தாத இடத்தில் வேறொன்றைக் காட்டி ஒட்டினார். இயந்திரத் துப்பாக்கி ஒருமுறை வெடித்ததும் சிக்கிக்கொள்ளும். அந்த ஒரு வெடிப்பையே ஒலி சேர்த்துப் பன்மடங்காக்கினார். வேகமான வெட்டு என்று விமர்சகர் புகழ்ந்தது வறுமை கற்றுக்கொடுத்த வித்தை! தம் குறையை மறைக்காமல் சொல்லும் ஆசிரியரிடமே மாணவன் தொழிலைக் கற்க முடியும்.

உரை இன்பமாயிருக்க அது எப்போதும் பாடமாயிருக்க வேண்டும் என்பதில்லை. 'ஆர்மகெடான்' (1998) படத்தின் கிரைட்டீரியன் பதிப்பில் இயக்குநர் மைக்கேல் பேயுடன் நடிகர் பென் அஃப்லெக்கின் குரலும் உண்டு. எண்ணெய்க் கிணறு தோண்டுவோரை விண்வெளி வீரராக்குவதைவிட, விண்வெளி வீரருக்குத் தோண்டக் கற்பிப்பது எளிதல்லவா என்று இயக்குநரிடம் கேட்டாராம். வாயை மூடு என்பதே தமக்குக் கிடைத்த விடை என்கிறார். குறும்புதான், ஆனால் படம் பார்த்த ஒவ்வொருவர் மனத்திலும் எழுந்த ஐயத்தை உள்ளிருந்தே ஒருவர் ஒப்புக்கொள்ளும்போது நமக்கு நிறைவு உண்டாகிறது. எல்லாரையும் எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டே போகும் முகமன் உரைகளில் இந்த நிறைவு இல்லை.

நல்லுரைகளிலும் ஒரு குறை உண்டு. நாயகனுக்காக விழுந்தவர், எரிந்தவர், உருண்டவர் பெயர் அவற்றில் அரிதாகவே ஒலிக்கிறது. ஆஸ்கார் பரிசளிக்கும் கழகமே சண்டைக் கலைஞர்களுக்கெனத் தனிப் பரிசை 2025 இல்தான் அறிவித்தது. அதுவும் 2027 இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் நடைமுறைக்கு வரும். உழைத்த உடலை மறப்பது திரையின் பழைய வழக்கம். அதைத் திருத்த ஏற்ற இடம் உரையே.

அந்த இடமும் இப்போது சுருங்கிவருகிறது. அமெரிக்காவில் தபால்வழி டி.வி.டி. அனுப்பி வந்த நெட்ஃபிளிக்ஸ், 2023 இல் அப்பணியை நிறுத்திற்று. இணையத்தில் அதே படங்கள் கிடைக்கின்றன. உரைத் தடம் பெரும்பாலும் உடன் வருவதில்லை. மூலம் பிழைத்து, உரை அழிகிறது.

இதனால் நமக்கென்ன என்று பெற்றோர் கேட்கலாம். சண்டைப் படத்தைப் பார்க்கும் சிறுவன், விழுந்தவன் எழுவான் என்றும் அடித்தவன் நோகான் என்றும் நம்பிவிடுகிறான். அவன் கண்டது செய்து காட்டிய வித்தை என்பதை அறிவுரையைவிட, அதைச் செய்தவரின் குரல் எளிதாக உணர்த்தும். வீட்டில் பழைய தட்டு ஏதேனும் கிடந்தால் எறிந்துவிட வேண்டாம். முதன்முறை கண்ணால் பார்க்கட்டும். மறுமுறை அவனோடு நீங்களும் அமர்ந்து, பொருளைச் சொல்லி, செவியால் பார்க்கச் செய்யுங்கள்.