பழனிப் பஞ்சாமிர்தமும் ‘ஒரு சொட்டுத் தண்ணீர்’ வழக்கும்: உணவறிவியல் தமிழில் ‘பதம்’ குறித்த திறனாய்வு

திறவுச்சொற்கள்: பஞ்சாமிர்தம், ஈரப்பதம், நீரளவு, பதம், விருப்பாட்சி வாழை, கலைச்சொல்லாக்கம்

திண்டுக்கல் மாவட்ட உணவுகளைப் பற்றி எழுதுவோர் நீரை இரு வேறு வகையில் சிறப்பித்துக் கூறுவர். திண்டுக்கல் நகரப் பிரியாணியின் சுவைக்கு அவ்வட்டாரத் தண்ணீரே காரணம் என்பது ஒன்று. பழனிப் பஞ்சாமிர்தம் நாள்பட இருப்பதற்கு அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கப்படாமையே காரணம் என்பது மற்றொன்று. முதற்கூற்று நீரில் கரைந்துள்ள உப்புகளைப் பற்றியது. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் பெக்டினோடு பிணைந்து, அது வேகும் நேரத்தை நீட்டிக்கின்றன. ஆகவே அரிசிக்கும் இறைச்சிக்கும் நீரின் தன்மை எவ்வளவு பொருட்டு என்பதைச் சோதித்தறிய வழியுண்டு. இரண்டாம் கூற்றே கூர்ந்து நோக்கத்தக்கது. அது பொய்யன்று, எனினும், எதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறதோ அதனை விளக்கும் ஆற்றல் அதற்கில்லை.

பழனிப் பஞ்சாமிர்தம் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களுள் அக்குறியீட்டைப் பெற்ற முதற்பொருள் அதுவே. மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் ஆகியவற்றோடு பேரீச்சம்பழமும் கற்கண்டும் சேர்வன. இவற்றுள் தண்ணீர் என்று தனியே ஊற்றப்படுவது எதுவும் இல்லை. ஆனால் வாழைப்பழத்தின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீரே. தேனிலும் 17 முதல் 20 விழுக்காடு வரை நீருண்டு. ஊற்றப்படாத நீர் பழத்தின் வழியே உள்ளே வந்துவிடுகிறது. உரித்த வாழைப்பழம் ஓரிரு நாளில் கெடுகிறது. அதே பழம் சர்க்கரையோடு பிசையப்பட்டபின் கெடாமல் நிற்கிறது. நீர் வெளியேறிவிடவில்லை. அதன் நிலை மாறியிருக்கிறது.

இந்நிலை மாற்றத்தையே உணவறிவியல் முதற்பாடமாகக் கொள்கிறது. ஓர் உணவில் எவ்வளவு நீர் உள்ளது என்பது ஒரு வினா. அந்நீரில் எவ்வளவு நுண்ணுயிர்களுக்குக் கிட்டும் நிலையில் உள்ளது என்பது வேறொரு வினா. இரண்டாவது வினாவை நுண்ணுயிர் வளர்ச்சியோடு அளவுமுறையில் இணைத்துக் காட்டியவர் ஆஸ்திரேலிய அறிஞர் டபிள்யூ. ஜே. ஸ்காட் (1953, 1957). உணவின் நீராவி அழுத்தத்தை, அதே வெப்பநிலையிலுள்ள தூய நீரின் நீராவி அழுத்தத்தால் வகுத்துப் பெறும் எண் இதற்கு அளவாகும். தூய நீருக்கு அது 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே வளர்வதில்லை. நஞ்சு விளைக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் 0.86 வரை தாக்குப்பிடிக்கும். பூஞ்சைகளுள் பல 0.80 வரையிலும், சர்க்கரைச் செறிவை விரும்பும் சில ஈஸ்டுகள் 0.62 வரையிலும் வளரும்.

பஞ்சாமிர்தத்தை இவ்வெண்களோடு வைத்துப் பார்த்தால் பொருள்களின் பங்கு தெளிவாகிறது. பழனியின் விகிதத்தை விட்டு, ஒரு பொதுக்கணக்கைக் கொள்ளலாம். 100 கிராம் வாழைப்பழத்தின் 75 கிராம் நீரில் 100 கிராம் கரும்புச் சர்க்கரை கரைந்தால், பழத்தின் சொந்தச் சர்க்கரையையும் சேர்த்து, ரௌல்ட் விதிப்படி வருவது தோராயமாக 0.92. இது பாதுகாப்பான எல்லையன்று. அப்படியானால் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டே போகலாமா? அறை வெப்பநிலையில் 75 கிராம் நீர் ஏறத்தாழ 150 கிராம் சர்க்கரையையே கரைக்கும். அந்தத் தெவிட்டுநிலைக் கரைசலின் மதிப்பு 0.85 அளவில் நின்றுவிடும். அதற்குமேல் இடும் சர்க்கரை கரையாமல் பல்லில் படுமேயன்றி நீரைப் பிடித்துவைக்காது. இவ்விடத்தில்தான் தேனும் பேரீச்சையும் வேலை செய்கின்றன. அவற்றிலுள்ள குளுக்கோசும் ஃபிரக்டோசும் சிறிய மூலக்கூறுகள். ஒரே எடைக்கு அவை கரும்புச் சர்க்கரையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு மூலக்கூறுகளைத் தரும். ஃபிரக்டோசின் கரைதிறனும் மிகுதி. மதிப்பை 0.85க்குக் கீழே இறக்குவதில் இவற்றுக்குப் பங்குண்டு. நெய்யோ நீரோடு கலவாதது. மணமும் வழவழப்பும் தருமே தவிர இக்கணக்கில் இடம்பெறாது. ‘ஐந்து அமுது’ என்னும் எண்ணுக்குத் தத்துவ விளக்கம் தேடுவோர் பலர். பொருள்களுக்குள் உள்ள இந்த வேலைப்பிரிவினை பேசப்படுவது அரிது.

தமிழ்ச் சமையற்கட்டு இவ்வேறுபாட்டை அறியாததன்று. பாகு காய்ச்சுவோர் அதில் எத்தனை விழுக்காடு நீர் எஞ்சியுள்ளது என்று கேட்பதில்லை. கம்பிப்பதமா, உருட்டுப்பதமா என்று கேட்கின்றனர். அதிரசத்துக்குப் ‘பதம் தப்பியது’ என்பர். ஊறுகாய் ‘நீர் விட்டுக்கொண்டது’ என்பதும், ஜாடியில் ஈரக்கரண்டி இடலாகாது என்பதும் இவ்வறிவின் பகுதிகளே. ஈரக்கரண்டி சேர்க்கும் நீர் மொத்த எடையில் மிகச் சிறிது. கரண்டி பட்ட இடத்தில் மட்டும் செறிவு நீர்த்துப்போய்ப் பூஞ்சைக்கு இடம் கிடைக்கிறது. சூடாக அடைத்த டப்பாவின் மூடியில் வியர்க்கும் துளிகள் செய்வதும் அதுவே. ‘சேர்க்கப்படாத’ ஒரு சொட்டு அங்கே தானாகச் சேர்கிறது. ‘பதம்’ என்பது சோறு, பக்குவம், ஈரம் ஆகிய பொருள்களை ஒருங்கே தாங்கும் சொல். அளவைச் சுட்டாமல் நிலையைச் சுட்டுவதே சமையல் வழக்கில் அதன் இயல்பு.

இங்கே கலைச்சொல் சிக்கல் எழுகிறது. ஓர் உணவிலுள்ள நீரின் அளவை உணவறிவியல் தமிழ் ‘ஈரப்பதம்’ என்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ‘17 விழுக்காடு ஈரப்பதம்’ என்பது நெல்லின் எடையில் நீரின் பங்கு. வானிலை அறிக்கையின் ‘காற்றின் ஈரப்பதம்’ அவ்வாறன்று. அது இரு நீராவி அழுத்தங்களின் விகிதம். ஸ்காட் எடுத்தாண்ட எண்ணும் அதே வகை விகிதமே. மூடிய கலத்தில் உணவோடு சமநிலையிலுள்ள காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு எனில் அவ்வுணவின் மதிப்பு 0.80. ஆக, வானிலைத் தமிழில் ஏற்கெனவே சரியாக வழங்கும் ஒரு சொல்லை உணவறிவியல் தமிழ் வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டு, உரிய கருத்துக்கு ‘நீர்ச் செயல்பாடு’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொள்கிறது. ‘செயல்பாடு’ எதனுடைய செயல் என்று மாணவருக்கு உணர்த்துவதில்லை. நெற்களத்தில் நிலைபெற்றுவிட்ட வழக்கை மாற்றுவது நடவாத காரியம், மாற்றவும் வேண்டியதில்லை. பாடநூல் அளவிலேனும் முன்னதை ‘நீரளவு’ என்றும் பின்னதை ‘நீர்ப்பதம்’ என்றும் பிரித்து வழங்கலாம். ‘நீர்ப்பதம்’ புத்தாக்கம்தான், ஆயினும் பாகு காய்ச்சிய கைக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்க இயலாதபடி செய்வது வாழையின் வரலாறு. பழனிமலையின் விருப்பாட்சி வாழை, பிற வாழைகளைவிட நீர் குறைந்த பழம் என்பதாலேயே பஞ்சாமிர்தத்துக்கு உகந்ததாகக் கொள்ளப்பட்டது. 1970களில் முடிக்கொத்து நோய் அம்மலைத் தோட்டங்களைப் பேரளவில் அழித்தது. சிறுமலை வாழைக்கும் அந்நோயால் இழப்பு நேர்ந்தது. மலைவாழை அரிதாகும்போது, பஞ்சாமிர்தம் என்ற பெயரில் வீட்டிலும் கடையிலும் செய்வோர் சமவெளிப் பழத்தை நாடுவது இயல்பு. அப்பழத்தில் நீர் மிகுந்திருந்தால் சர்க்கரையின் கணக்கு முழுவதும் மாறும். கலவை எளிதில் நுரைத்துப் புளிக்கக்கூடும். அப்போதும் ‘ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கவில்லை’ என்னும் தொடர் எழுத்துப் பிசகாமல் உண்மையாகவே இருக்கும். டப்பாவின் மேல் அதனை அச்சிடுவதில் தடையேதும் இராது. நீர்ப்பத மதிப்பை அச்சிட வேண்டுமாயின் பழம் மாறியது எண்ணில் தெரிந்துவிடும்.