வாயு விதிகளைத் தனித்தனியே படித்தால் போதுமா?

வடுகபட்டிப் பூண்டுச் சந்தையை நீங்கள் அறிந்திருக்கலாம். கொடைக்கானல் மலைப்பூண்டு அங்கே வந்து விலையாகிறது. அவ்வூரில் வாங்கிய வறுவல் பாக்கெட் ஒன்றைப் பிரிக்காமல் கொடைக்கானலுக்கு எடுத்துச் செல்லுங்கள். மேலே போனதும் அது உப்பி நிற்கும். குளிர்ந்தால் வாயு சுருங்கும் என்கிறதே சார்லஸ் விதி! குளிர்ந்த ஊரில் பாக்கெட் உப்புவானேன்?

குறை விதியில் இல்லை. அதைக் கற்பிக்கும் முறையில் இருக்கிறது. 1662இல் வெளியான பாயில் விதிக்கு ஒரு சைக்கிள் பம்ப், கே-லுசாக் 1802இல் வெளியிட்ட சார்லஸ் விதிக்கு ஒரு பலூன் என்று எடுத்துக்காட்டுகளைப் பங்கிட்டுவிடுகிறோம். பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுகிறது. பிறகு, 'வெப்பநிலை மாறாதிருக்கும்போது' என்ற நிபந்தனை என்ன ஆயிற்று?

தொடக்கத்தில் விதிகளைப் பிரித்துச் சொல்வது தேவைதான். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. கணக்கிட்டுப் பாருங்கள். வடுகபட்டி ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்திலும் உள்ளன. காற்றழுத்தம் சுமார் 980 மில்லிபாரிலிருந்து 785 ஆகக் குறைகிறது. இதனால் மட்டும் வாயுவின் பருமன் 1.25 மடங்காகும். வெப்பநிலை 33 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு இறங்கினால், தனி வெப்பநிலை 306லிருந்து 288 ஆகிறது, பருமன் 0.94 மடங்காகச் சுருங்கும். இரண்டையும் பெருக்கினால் சுமார் 1.18. தாள் தடுக்காவிட்டால் பாக்கெட் ஏறக்குறைய 18 விழுக்காடு பெருக்கும். குளிர் தோற்றது, உயரம் வென்றது!

33, 15 என்ற செல்சியஸ் எண்களையே போட்டுக் கணக்கிடும் மாணவர், குளிரால் மட்டுமே பாக்கெட் பாதிக்கும் கீழாகச் சுருங்கும் என்பார். தனி வெப்பநிலை ஏன் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா?

இன்னொரு வேடிக்கை. வடுகபட்டியில் 30 பவுண்டு காட்டிய கார் டயர், கொடைக்கானலில் ஆறிய பிறகும் ஏறத்தாழ 30தான் காட்டும். மானி காட்டுவது வெளிக்காற்றைவிட மிகுதியான அழுத்தத்தை மட்டுமே. குளிரால் உள்ளே குறைவதும், உயரத்தால் வெளியே குறைவதும் கிட்டத்தட்டச் சமமாகிவிடுகின்றன. 'ஒன்றும் மாறவில்லை' என்று மானி சொன்னாலும், இரண்டும் மாறியிருக்கின்றன.

ஆசிரியர்களே, அடுத்த தேர்வில் விதியை எழுதச் சொல்லாதீர்கள். பாக்கெட் ஏன் உப்பியது என்று கேளுங்கள். மாணவர் விதியைப் புரிந்துகொண்டாரா, ஒப்பித்தாரா என்பது அப்போது தெரிந்துவிடும்.