நிழலற்ற முகங்கள்: கல்முனைக் கரையின் உருவப்படங்கள் பற்றி ஒரு நோக்கு

கல்முனை தொடங்கிச் சாய்ந்தமருது, நிந்தவூர் ஊடாக அக்கரைப்பற்று வரை பிரதான வீதியோர ஸ்டூடியோக்களில் எடுக்கப்படும் உருவப்படங்களை ஒருசேர வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். அவற்றுட் பெரும்பாலானவற்றில் நிழலே இல்லை. கமராவின் இருபுறமும் சம உயரத்தில், சம வலுவுடைய இரு விளக்குகள், அவற்றின்முன் வெண்குடை. மூக்கின் ஒருபுறம் விழும் நிழலை மறுபுறத்து விளக்கு அழித்துவிடுகின்றது. அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் இவ்வமைப்புப் பொருத்தமானதே. அங்கு வேண்டப்படுவது ஆளை அடையாளங் காணல் ஒன்றே. ஆனால் அவ்வலுவலக விதியே மணமகளின் படத்துக்கும் உம்மும்மாவின் படத்துக்கும் அழகியல் விதியாகிவிட்டமைதான் ஈண்டு வினாவுக்குரியது.

இதனோடு அளவீட்டுப் பிழையொன்றும் சேர்கின்றது. கமராவின் ஒளிமானி, தன்முன் உள்ள காட்சி நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பல் எனக் கொண்டே கணக்கிடுகின்றது. வெண்தொப்பியும் வெள்ளை ஜுப்பாவும், அன்றேல் வெண்முக்காடும் படத்தை நிறைக்கும்போது அது ஒளியைக் குறைத்துவிடும்; முகம் கருகும். முகத்தையே அளந்து திருத்தவேண்டிய இடத்தில், பின்னர் கணினியில் முகம் முழுவதும் வெளுக்கப்படுகின்றது. நெற்றிச் சுருக்கமும் கடல்வெயில் கன்னத்திற் படிந்த நிறமும் அதனோடு போகின்றன. மாநிறம் ஒரு குறையெனத் திருத்தப்படுவதை நுட்பம் என்பது எங்ஙனம்?

வாடிக்கையாளர் விருப்பம் அதுவே என்பர். அவ்விருப்பத்தை வளர்த்ததில் ஸ்டூடியோச் சுவரில் தொங்கும் மாதிரிப் படங்களுக்குப் பங்கில்லையா?

மாற்று வழி தொலைவில் இல்லை. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939 இல் பிறந்து, பூனா திரைப்படக் கல்லூரியிற் பயின்ற பாலு மகேந்திரா, 'நெல்லு' (1974) முதலாகப் பல படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர். இயற்கை ஒளியையே பெரிதும் நம்பியவர். 'கோகிலா' (1977), 'மூன்றாம் பிறை' (1982) ஆகியவற்றின் ஒளிப்பதிவுக்கு இந்தியத் தேசிய விருது கிடைத்தது. 'வீடு' (1988) படத்தில் அர்ச்சனாவின் முகத்தை அவர் வெளுக்கவில்லை. ஒருபுறம் ஒளி, மறுபுறம் நிழல். வீடு கட்ட முனைந்த பெண்ணின் கவலை அந்நிழலிற்றான் தங்கியிருக்கின்றது.

இக்கரையில் கடல் நோக்கிய வாசலிற் பிற்பகல் வேளை நேர்வெயில் விழுவதில்லை. வானத்து மெல்லொளி மட்டுமே வரும். அவ்வாசலோரம் ஆளை அமர்த்தி, மறுபுறம் ஒரு ரெஜிபோம் பலகையைச் சற்று எட்ட வைத்தால் நிழல் இளகும், அழியாது. இரண்டாவது விளக்கு அணைந்தே இருக்கலாம்.