பெட்டிப் படமும் உள்ளிருக்கும் ரோபோவும்

ரோபோ பிளாஸ்டிக் மாதிரி வாங்கும்போது பெட்டியின் வண்ணப் படத்தை நம்பிவிடாதீர்கள். தரத்தைக் காட்டுபவை அச்சும் மூட்டும்தான்.

ஜப்பானின் பாண்டாய் நிறுவனம் 1980 ஜூலையில் 300 யென்னுக்கு வெளியிட்ட முதல் 'கன்டம்' மாதிரியைப் பாருங்கள். கதையில் 18 மீட்டர் உயரம். 144இல் ஒரு பங்காக்கினால் 12.5 செ.மீ. அளவில் குறையில்லை. ஆனால் பசையிட்டு ஒட்டி, வண்ணமும் தீட்ட வேண்டும். அதே ரோபோவின் 2020ஆம் ஆண்டு 'என்ட்ரி கிரேடு' மாதிரிக்குப் பசையும் வேண்டாம், வெட்டுக் கருவியும் வேண்டாம். பாகங்கள் தத்தம் நிறத்திலேயே வார்க்கப்பட்டவை.

எதை வாங்கினாலும் மூன்று சோதனைகள் செய்யுங்கள். விளிம்பில் பிசிறு இருந்தால், அச்சின் இரு பாதிகளும் இறுகப் பொருந்தவில்லை. பரப்பில் குழிவு இருந்தால், தடித்த பகுதி ஆறும்போது சுருங்கியிருக்கிறது. ஆயுதம் ஏந்திய கையைக் கிடைமட்டமாக நீட்டி வையுங்கள்; அந்நிலையில்தான் எடையின் திருப்புத்திறன் மிக அதிகம். கை தாழ்ந்தால் மூட்டில் உராய்வு போதாது.

பழையது பொறுமையைக் கற்பித்தது, உண்மை. ஆயினும் முதன்முதலாகச் செய்யும் சிறுவனுக்குப் புதியதையே வாங்கித் தருவேன். பாகம் பொருந்தாதபோது அவன் அச்சைக் குறை சொல்வதில்லை. தன் கையைத்தான் நொந்துகொள்கிறான்.